எதிராளிக்குத் தெரியாத பந்தயம்

எங்கள் குடும்பத்தில் தாத்தா காலத்திலிருந்து பந்தயம் உண்டு. எதிராளிக்கு மட்டும் அது தெரியாது. கூச்சக்காரர்கள் வேறு எப்படிப் பந்தயம் விடுவது?

தாத்தா கல்வராயன் மலையிலிருந்து தலையில் சாமை மூட்டையோடு சந்தைக்கு இறங்குவார். முன்னால் போகிறவரைத் தாண்டாமல் விடமாட்டார். ஒருமுறை தாண்டிய வேகத்தில் சந்தையையும் தாண்டிப்போய், மூட்டையை அடுத்த ஊரில் விற்றாராம்.

அப்பாவுக்குச் சைக்கிள். என்னை முன்கம்பியில் உட்காரவைத்து மிதிப்பார். என் பிடரியில் அவர் மூச்சு சூடானால் யாரோ அகப்பட்டுவிட்டார் என்று அர்த்தம். எதிராளியைப் பார்க்கக் கூடாது. அவரும் நம்மைத் திரும்பிப் பார்த்துவிட்டால் பந்தயம் செல்லாது. ஜெயித்ததும் அப்பா இறங்கி, நன்றாக இருக்கும் செயினைக் குனிந்து சோதிப்பார். தோற்றவர் ஒன்றும் அறியாமல் எங்களைக் கடந்து போவார்.

என்னிடம் இருப்பது பழைய மொபட். பின்னால் உட்கார்ந்து வரும் மகளிடம் இதைப் பற்றி நான் பேசியதே இல்லை.

அவளுக்குச் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. முதல் நாளே வராவிட்டால் வேறு ஆள் எடுத்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் ஏறினால் அவளுக்கு வாந்தி வரும். சின்னசேலத்தில் காலைப் பாசஞ்சர் ரயிலைப் பிடிக்கக் கிளம்பினோம்.

கள்ளக்குறிச்சியைத் தாண்டியதும் இன்னொரு மொபட் எங்களை முந்தியது. ஓட்டியவரின் கால்களுக்கு நடுவே ஒரு கிடா நின்றுகொண்டு வந்தது. கிடாதான் என்னைப் பார்த்தது. மனிதர் பார்க்கவில்லை. எனவே பந்தயம் செல்லும்.

"ப்பா, ஆட்டுக்காரு," என்றாள் மகள். அவ்வளவுதான் சொன்னாள்.

நான் முந்தினேன். அவர் முந்தினார். கடைசியில் நான் ஜெயித்து, வண்டியை நிறுத்தி, டயரைக் குனிந்து பார்த்தேன். நிமிர்ந்தால் எதிரே கச்சிராயபாளையம் என்று பெயர்ப்பலகை. சின்னசேலத்துக்குப் பிரிய வேண்டிய இடம் எப்போதோ போய்விட்டது.

"நீயாவது சொல்லக் கூடாதா?"

"சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். அப்பதான் நீ அவர முந்திக்கினு இருந்த."

ஆட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்று தன் டயரைப் பார்த்தார்.

"ண்ணே, சின்னசேலத்துக்கு எப்டிங்க போவணும்?" என்றேன்.

வழி சொன்னார். பிறகு தயங்கி, "நீங்க இந்த ஊரு இல்லீங்களா?" என்றார்.

"இல்லீங்க."

"நானும் இல்லீங்க. எங்க வூடு அப்பவே வந்துச்சி."

"தாண்டி வந்துட்டீங்களா?"

"இன்னா பண்றதுங்க," என்று கிடாவைப் பார்த்தார், அதுதான் கூட்டிவந்ததுபோல.

சின்னசேலம் ஸ்டேஷனுக்குள் நாங்கள் ஓடியபோது ரயிலின் கடைசிப் பெட்டி போய்க்கொண்டிருந்தது. மகள் அழவில்லை.

"ஆத்தூர்ல நிக்கும்ப்பா."

"ரயிலயா முந்தச் சொல்ற?"

"அதுக்கு இன்னா தெரியப்போவுது."

உண்மைதான். ரயிலைவிட நல்ல எதிராளி கிடையாது. அது திரும்பியே பார்க்காது. தண்டவாளம் ரோட்டுக்குப் பக்கத்தில் வந்த இடத்தில் நாங்கள் வயல் பக்கம் பார்த்துக்கொண்டோம். சன்னலோரம் ஒரு குழந்தை கையாட்டியதாம். மகள் பதிலுக்கு ஆட்டவில்லை.

ஆத்தூருக்கு ரயில் வருவதற்குள் போய்ச் சேர்ந்தோம். ஸ்டேஷன் வாசலில் ஒரு கிடா வேப்பந்தழை தின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் ஆட்டுக்காரர் டயரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்வை. நாங்கள் வயல் பக்கம் பார்த்த இடத்தில் முந்தியிருக்க வேண்டும்.

மகள் பையோடு ஓடி ரயிலில் ஏறினாள். அது நகரும்போது சன்னல் வழியாகச் சொன்னாள்: "வேல போவாதுப்பா. ஆனா தோத்துட்டோம்."

வெளியே வந்தேன். அவர் இன்னும் டயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வூட்டுக்குங்களா?" என்றேன்.

"ஆமாங்க. பொறுமையாத்தான்."

"நானும் பொறுமையாத்தாங்க."

இரண்டு வண்டிகளும் ஒன்றாகக் கிளம்பின. நான் அவரைப் பார்க்கவில்லை, அவர் என்னைப் பார்க்கவில்லை. கிடாதான் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தது.