இழுப்பறையில் இருந்த கண்ணாடி டம்ளர்

அந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு வருகிற எவரும் நர்சக்காவின் மேசையைத் தாண்டாமல் படுக்கைக்குப் போக முடியாது. கூட வந்த பெண்டாட்டியை ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டு, இழுப்பறையிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து முன்னால் வைப்பாள்.

"குடிப்பீங்களா?"

"எப்பவாவது... கல்யாணம் காட்சின்னா."

"வாரத்துக்கு எத்தனை கல்யாணம்?"

ஆள் சிரித்துவிடுவான். சிரித்தவன் உண்மையையும் சொல்லிவிடுவான். பிறகு டம்ளரைக் காட்டி எத்தனை என்று கேட்டு எழுதிக்கொள்வாள். தினம் குடிக்கிறவன் திடுமென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் உடம்பு என்ன பாடு படும் என்று அவளுக்குத் தெரியும். முன்கூட்டித் தெரிந்தால் மருந்து உண்டு.

அவளைப் படிக்க வைத்த வெல்டர் அண்ணன் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த அன்று மட்டும் அந்த இழுப்பறை திறக்கவில்லை. பக்கத்தில் அவளோடு வேலை பார்க்கிற நர்சுகள் நின்றார்கள். அண்ணன் காலையிலேயே ஊற்றிக்கொள்வது வீட்டுக்குள்ளேயே யாரும் வாய்விடாத பேச்சு.

"என்ன, எனக்கு டம்ளர் கிடையாதா?"

"சும்மா இருண்ணே."

படிவத்தில் குடிப்பழக்கம் இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். டாக்டரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். சொல்ல வாய் வரவில்லை. ஆபரேஷன் நன்றாக முடியவும், தப்பித்தோம் என்றே இருந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் காலை, அண்ணன் போர்வையில் இல்லாத எறும்பைப் பொறுக்கினான். வேர்த்துக் கொட்டியது. டாக்டர் கோப்பைப் புரட்டினார். குடி இல்லை என்றிருந்தது. கிருமியாக இருக்கும் என்று அந்த வழியில் தேடப் போனார். அவள் வேலைக்கு வந்தது மத்தியானம்.

"டாக்டர், நான் எழுதினது பொய்! தினம் குடிப்பாரு!"

அதற்குள் வலிப்பு வந்துவிட்டது. மறுநாள் அண்ணன் போய்ச் சேர்ந்தான்.

அண்ணி அழக்கூட இல்லை. "கண்டவனை எல்லாம் கேப்பியே. இவரை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? வெக்கம் யாருக்குடி, அவருக்கா, உனக்கா?"

வேறு இடம் கேட்டாள். அந்த மேசைக்கு மாற்று ஆள் இல்லை என்றார்கள். இப்போதும் அதே மேசைதான். டம்ளரை எடுத்து வைக்கிறாள், கேட்கிறாள். கல்யாணம் காட்சின்னா என்கிறார்கள். எத்தனை கல்யாணம் என்று கேட்க அவளுக்கு நா எழுவதில்லை. யாரும் சிரிப்பதில்லை, யாரும் உண்மையைச் சொல்வதுமில்லை. இல்லை என்ற கட்டத்தில் டிக் விழுந்துகொண்டே இருக்கிறது.