கஸ்பரின் தபால் பை

இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கஸ்பர் பதினொரு வருடம் தபால் சுமந்தார். காலையில் ஐந்து மைல் இறங்கி அக்கரபத்தனைக்குப் போய், மதியத்துக்குள் கடிதங்களோடு ஏறி வந்துவிடுவார். தோட்டம் கொடுத்தது கையில் பிடிக்கிற கித்தான் பை. ஏற்றத்தில் கை விட்டுப்போகிறதென்று, இரண்டு தோல் வார்களைத் தானே தைத்து அதை முதுகில் மாட்டிக்கொண்டார்.

ஐம்பத்து நாலாம் வருடம் ஆனி மழையில் அந்தத் தையல் துளைகள் வழியே தண்ணீர் இறங்கியது. தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்துக்கு வந்து பார்த்தபோது ஒரு கடிதம் முழுக்க ஊறியிருந்தது. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் செல்லசாமியைப் பிரஜாவுரிமை விசாரணைக்கு வரச்சொல்லி வந்த கடிதம் அது. தோட்டத்து ஆட்களின் பிரஜாவுரிமையைச் சட்டம் பறித்த பிறகு மனுப் போட்டு, மூன்று வருடமாக அவர் அதற்குத்தான் காத்திருந்தார்.

கஸ்பர் அதை அடுப்புக் கல்லில் காயவைத்தார். நனைந்துவிட்டது என்று தோட்டத்துக் கிளாக்கரிடம் சொல்லிவிடும்படி அவர் மனைவி ஐவி சொன்னாள். சொன்னால் தபால் வேலை போய் மறுபடி மலையில் மண்வெட்டிதான் என்று அவருக்குப் பயம். சொல்லாமலே செல்லசாமியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

தேதி பேனாவால் எண்ணில் எழுதப்பட்டிருந்தது. மை கலைந்திருந்தாலும் கிளாக்கர் பதினேழு என்று படித்துச் சொன்னார். பதினேழாம் தேதி செல்லசாமி மனைவி நாகலெட்சுமியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் வெளுத்த உடுப்போடு அட்டனுக்குக் கூட்டிப்போனார். விசாரணை பதினொன்றாம் தேதியே முடிந்திருந்தது. பெயரைக் கூப்பிட்டபோது ஆள் வரவில்லை, அதனால் மனுத் தள்ளுபடி என்றார்கள் விசாரணைக் கந்தோர் அதிகாரிகள். திரும்பி வந்த நால்வரும் நனைந்தபடி லயத்து வாசலைக் கடந்ததைக் கஸ்பர் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், பைக்குள் தண்ணீர் இறங்காமல் செய்ய வழி கேட்டுப் பக்கீர் நானாவின் கடைக்குப் போனார். லொறிகளை மூடும் படங்குக்கு மெழுகு ஏற்றும் விதம் நானாவுக்குத் தெரியும். வெறும் மெழுகைத் தேய்த்தால் குளிரில் மடிப்பெல்லாம் வெடித்துப்போகும், ஆளிவிதை எண்ணெய் சேர்க்க வேண்டும் என்றார் நானா. நேரே நெருப்பில் வைத்தால் பற்றிக்கொள்ளும். கொதிக்கிற தண்ணீருக்குள் டின்னை வைத்து உருக்கச் சொன்னார்.

கஸ்பர் மெழுகுதிரிகளை நறுக்கிப் போட்டு உருக்கினார். கித்தானின் இரண்டு பக்கமும் சூடாகப் பூசினார். கரண்டிக் காம்பைச் சுடவைத்து, தையல் துளை ஒவ்வொன்றிலும் மெழுகை அழுத்தினார். வாயை மூட அகலமான மடிப்பு ஒன்றும் வைத்துத் தைத்தார். அது காய எட்டு நாள் ஆனது. அவர்கள் இருந்த ஒற்றை அறைக் காம்பரா முழுக்க எண்ணெய் நாற்றம். பிறகு பழைய பேப்பரை உள்ளே வைத்து, பையைப் பீலியில் கொட்டும் ஊற்றுத் தண்ணீருக்கடியில் அரைமணி நேரம் பிடித்தார். பேப்பர் நனையவில்லை.

அந்தப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு அங்கிருந்து நேரே செல்லசாமியின் காம்பராவுக்குப் போனார்.

"அண்ணே, அந்தக் கடுதாசி என் பையிலதான் நனைஞ்சிச்சு. நாந்தான் காயவச்சுக் குடுத்தேன்."

செல்லசாமி பெட்டியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மழைக்கு நீ என்னா செய்வ, கஸ்பரு? அன்னைக்கே சொல்லியிருந்தா நடந்தே போயித் தேதியக் கேட்டுட்டு வந்திருப்பேனே."



செல்லசாமி மேல்முறையீடு செய்தபோது கஸ்பர் சாட்சிக்குப் போனார். ஐவி தடுக்கவில்லை. கடிதம் தன் கையில் நனைந்ததையும், அதை மறைத்ததையும் அதிகாரிகள் முன் சொன்னார். அவர்கள் அந்தக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். வாய்ச்சொல் ஆதாரமாகாது என்று அந்த மனுவையும் தள்ளிவிட்டார்கள். செய்தி தோட்டத்தை நடத்தும் துரைக்கு எட்டியது. அந்த வாரமே தபால் பை வேறொருவர் முதுகுக்குப் போனது.

கஸ்பரைக் கவ்வாத்துக்குப் போட்டார்கள். செல்லசாமி வேலை செய்த அதே கூட்டம். ஒன்பது வருடம் இருவரும் அடுத்தடுத்த நிரையில் குனிந்து வெட்டினார்கள். செல்லசாமி அவரை ஒருநாளும் ஏசியதில்லை. தேநீர் குடிக்கிற நேரத்தில் மட்டும் தள்ளிப்போய் உட்கார்ந்துகொள்வார்.

அறுபத்து மூன்றில் நெஞ்சுச்சளி முற்றி, டிக்கோயா ஆஸ்பத்திரியில் கஸ்பர் இறந்தார். குழி வெட்ட முதலில் வந்தவர் செல்லசாமி. களிமண் கனத்தது; ஊறும் தண்ணீரை வாளியால் இறைத்து இறைத்து வெட்டினார். அடக்கம் முடிந்ததும் ஐவி அவரிடம் வந்தாள்.

"இப்பவாவது மனசு ஆறுச்சாண்ணே?"

"ஆறல தங்கச்சி. எம் புள்ளைங்களுக்கு இன்னமும் நாடு இல்ல." மண்வெட்டியைப் புல்லில் துடைத்தார். "ஆனா அந்தக் கந்தோர்ல எனக்காக வாயத் தொறந்தவன் இவன் ஒருத்தந்தான்."

மழை இறங்கத் தொடங்கியிருந்தது. ஐவியை முன்னே நடக்கச் சொல்லிவிட்டு, அவர் பின்னாலே லயத்துக்கு நடந்தார்.