ராக்கெட் போன மாலையில் இருமியவர்

நூறு பேர் ஒரே விஷயத்தைக் கேட்கும்போது, நூற்றியோராவது ஆள் வேறு எதையோ சொல்கிறார் என்று காது எப்படிக் கண்டுபிடிக்கும்? சித்தி இதைக் கேட்டபோது நான் திருதிருவென்று முழித்தேன். பள்ளியை முடித்துவிட்டு வேலை தேடி அலைந்த எனக்கு அவள் வேலை என்றால் போனை எடுத்து ‘ஹலோ’ சொல்வது, அவ்வளவுதான்.

சித்தி பதினாறு வருஷமாகத் தீயணைப்புக் கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறாள். நாலு மேஜை, நாலு ஹெட்போன், ஜன்னல் கிடையாது. அவள் சொன்ன அந்த நாள் மாலை ஆறு மணி தாண்டியதும் நாலு லைனும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தன.

“மேடம், வானத்துல என்னமோ வெடிச்சிருக்கு!”

“அம்மா, பெரிய வெள்ளை மீன் மாதிரி ஒண்ணு நீந்துது. குண்டா?”

தனியார் கம்பெனி ஒன்று எங்கோ கடலோரத்திலிருந்து ராக்கெட் விட்டிருந்தது. கீழே இருட்ட ஆரம்பித்துவிட்டது. மேலே மட்டும் வெயில் மிச்சமிருந்ததால் அதன் புகை பாதி வானத்துக்கு விரிந்து பளபளத்தது. செய்தி முந்தின நாளே வந்ததுதான். யார் படித்தார்கள்?

மேற்பார்வையாளருக்கு ‘ஸ்டாப்வாட்ச்’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அவர் ஒரு தாளில் எழுதி நாலு மேஜையிலும் ஒட்டினார்: ‘அது ராக்கெட். ஆபத்து இல்லை. பயப்படாதீர்கள்.’ சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும். ஆறு வினாடிக்கு மேல் ஆகக் கூடாது. பெயர், இடம் எதுவும் எழுத வேண்டாம், ஒரு கோடு போட்டால் போதும்.

சித்தி கோடு போட்டுத் தள்ளினாள். பஸ் டிப்போ டைம் கீப்பர், “பஸ்ஸை வெளிய விடலாமா, உள்ளயே நிறுத்தவா?” என்றார். ஒரு கோடு. அடுத்தவர், “நாளைக்கு எனக்குக் கல்யாணம். உலகம் அழியுதுன்னா இப்பவே சொல்லிடுங்க, மாமனார்கிட்ட நான் பேசிக்கிறேன்” என்றார். சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அதெல்லாம் அழியாது தம்பி, தப்பிக்கப் பாக்காதீங்க” என்று கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்தாள்.

அடுத்த அழைப்பு. “வெளிச்சமா... புகையா...” என்றது ஒரு ஆண் குரல். இருமல்.

“அது ராக்கெட், ஆபத்து இல்லை, பயப்படாதீங்க.” வைத்தாள். கோடு.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு அழைப்பு போயிருக்கும். யாரோ ஒரு அம்மாவுக்குப் பின்னால் ஹாரன், குழந்தைகள் கத்தல், ‘அங்க பாரு அங்க பாரு’ என்ற கூச்சல். அதைக் கேட்டதும் சித்திக்கு அந்த இருமல் ஞாபகம் வந்தது. அன்று பேசிய எல்லாருக்கும் பின்னால் தெரு இருந்தது. இருமிய அந்த மனிதருக்குப் பின்னால் மட்டும் ஒரு ஈ காக்கைச் சத்தம் இல்லை. மூடிய அறை. அங்கிருந்து வானம் எப்படித் தெரியும்? தவிர, ராக்கெட் புகைக்கு யாராவது இருமுவார்களா?

ஹெட்போனைக் கழற்றினாள்.

“என்னம்மா பண்றே? லைன் அடிக்குது!” என்றார் ஸ்டாப்வாட்ச்.

“சார், ஒருத்தரை நான் வெட்டி விட்டுட்டேன். திரும்பக் கூப்பிடணும்.”

“கூப்பிட்டா ஒரு லைன் போயிடும். நிஜமா ஆபத்துன்னா அவரே திரும்பக் கூப்பிடுவாரு.”

“எப்படி சார் கூப்பிடுவாரு? ஊரே நம்ம லைன்லதான் தொங்குது.”

சித்தி திரைப் பக்கம் திரும்பினாள்.

திரையில் வரிசையாக எண்கள், பக்கத்தில் பேசிய நேரம். ஆறு, ஐந்து, ஆறு, ஏழு. எது அவர்? மேலே நகர்த்திக்கொண்டே போனாள். நடுவில் ஒன்று மட்டும் நாற்பத்தொரு வினாடி. கல்யாண மாப்பிள்ளை! அவருக்கு அடுத்த எண்ணை அழுத்தினாள்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். எடுத்தார்கள். வெறும் இருமல்.

“தீயணைப்பிலேருந்து பேசறேன். எங்க இருக்கீங்க? இடத்தை மட்டும் சொல்லுங்க.”

“டிப்போ பின்னாடி... இஸ்திரிக் கடை மாடி. டெய்லர் நான். கால்ல மாவுக்கட்டு, எறங்க முடியாது. கடைப் பசங்க எல்லாம் ராக்கெட் பாக்க ஓடிட்டாங்க. இஸ்திரிப் பெட்டியை அப்படியே துணி மேல...”

“தரையோட தரையா படுங்கண்ணே. கதவு இடுக்குல துணியைத் திணிங்க. போனை வைக்காதீங்க.”

பக்கத்து மேஜைக்காரி வண்டியை அனுப்பினாள். இரண்டு நிமிஷத்தில் வண்டியிலிருந்து ஓட்டுநர் வயர்லெஸ்ஸில் கத்தினார்: “நகர முடியலை. நடுரோட்டுல நின்னு எல்லாரும் அண்ணாந்து பாத்துட்டு இருக்காங்க. சைரன் அடிச்சாக்கூட அதுவும் ராக்கெட் சத்தம்னு நினைக்கிறாங்க.”

டெய்லரின் இருமல் குறைந்துகொண்டே வந்தது. அது நல்லதுக்கு இல்லை என்று சித்திக்குத் தெரியும்.

டிப்போ. சற்றுமுன் கூப்பிட்ட டைம் கீப்பர்! திரையில் கல்யாண மாப்பிள்ளைக்கு முந்தின எண். சித்தி ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்தாள். அவர் தன் மேஜைப் போனையே எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

“அண்ணே, நான்தான், ராக்கெட்னு சொன்னேனே. எங்க நிக்கிறீங்க?”

“வாசல்லதாம்மா. ஆகா, இப்ப புகை ரெண்டாப் பிரியுது பாருங்க...”

“மேல பாத்தது போதும்ணே. பின்னாடி திரும்பிப் பாருங்க.”

 “ஐயையோ” என்றார். போன் கீழே விழுந்தது.

அதற்கு மேல் சித்தி கேட்டதெல்லாம் காதால் மட்டும்தான். ஒரு காதில் வாசலில் விழுந்த போன். யாரோ ‘ஏணி, ஏணி’ என்கிறார்கள். செருப்புக் காலடிகள். இன்னொரு காதில் டெய்லரின் அறை. நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு கண்ணாடி உடைந்தது. “இருக்காருடா! காலைப் பாத்துத் தூக்கு!” என்று டைம் கீப்பரின் குரல், இப்போது இந்தக் காதில் கேட்டது.

சித்தி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். லைன் அடித்துக்கொண்டே இருந்தது.

டெய்லர் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிழைத்துவிட்டார். குரல் மட்டும் கரகரப்பாகவே நின்றுவிட்டது.

மறுநாள் சித்தி அறிக்கை எழுதினாள். முதல் அழைப்பையும் எழுதினாள்: தான் கேட்காமலே வைத்ததை. ஸ்டாப்வாட்ச் படித்துவிட்டு, “காப்பாத்தினதை எழுதினாப் போதாதா? உன் தலையில நீயே எதுக்கும்மா மண்ணை வாரிப் போட்டுக்கறே?” என்றார்.

“எழுதலைன்னா அடுத்த ராக்கெட்டுக்கும் இதே தாளைத்தானே ஒட்டுவீங்க சார்?”

அவர் கையை நீட்டினார். பேனாவை வாங்கினார். ‘அப்படிச் சொல்லச் சொன்னது நான்’ என்று அதற்குக் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சித்திக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இப்போது அந்த அறையில் யார் போன் எடுத்தாலும் முதலில் கேட்பது ‘எங்கே இருக்கீங்க?’ என்பதைத்தான்.

இதைப் படித்தவர்கள் வீட்டிலும் தெருவிலும் நாலு பேருக்குச் சொல்லுங்கள். வானத்தில் அதிசயம் தெரிந்தால் தாராளமாகப் பாருங்கள், ஆனால் அது என்னவென்று கேட்க அவசர எண்ணை அழைக்காதீர்கள். நிஜமாகவே ஆபத்தில் அழைத்தால், முதல் வார்த்தையாக இடத்தைச் சொல்லுங்கள். முக்கியமாக, நடக்க முடியாமல் தனியாகப் படுத்திருப்பவர்களுக்கு இதை மறக்காமல் சொல்லிவிடுங்கள்.