ஒரே நாளில் சேர்ந்தவள்

2005இல் திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஐசியுவில் என்னோடு ஒரே நாளில் நர்சாகச் சேர்ந்தவள் அவள். ஒல்லியான உடம்பு. எந்த மருந்தையும் லேபிளை இரண்டு முறை முணுமுணுத்துப் படித்த பிறகே தொடுவாள். இரண்டாவது வாரம், அவள் வைத்த டிரிப் வேகமாக ஓடி ஒரு நோயாளி துடித்துப்போனார். நான்தான் ஓடிப்போய் நிறுத்தினேன், அவர் பிழைத்தார். "யார் வெச்சது?" என்று டாக்டர் கத்தியபோது அவளுக்காக வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அவள் என்னைக் காட்டி, "இவதான் சார்" என்றாள். அன்றைக்கே என்னை ஐசியுவிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அன்று மாலை நாங்கள் இருவரும் வீடு திரும்பும் மரக்காணம் பஸ்ஸில் எனக்கும் சீட் பிடித்து வைத்திருந்தாள்.

"ஏன்டி அப்டி சொன்ன?"

"நீ சும்மாதானே நின்ன? உனக்குப் பரவால்லன்னு நெனச்சேன்டி."

மரக்காணத்து உப்பளங்கள் தெரியும்வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தேன். பயத்தில் சொன்னாளா, நிஜமாகவே அப்படி நினைத்தாளா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.