துண்டு கட்டிய தறிகள்

காட்டன்பேட்டையில் மில்லுக்குப் போகிறவர்களைச் சுலபமாக அடையாளம் கண்டுவிடலாம். பக்கத்தில் இருப்பவரிடமும் கத்திப் பேசுவார்கள். இல்லையென்றால் சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைப்பார்கள். நெசவுக் கொட்டகையின் இரைச்சல் அப்படிப் பழக்கிவிட்டது. என் வீட்டுக்காரர் அங்கே நெசவாளி. நான் நூல் சுற்றும் பகுதியில் இருந்தேன். கல்யாணமான புதிதில் எங்கள் சண்டைகூட உதட்டிலேயே நடக்கும். அடுத்த வீட்டுக்காரர்களுக்கு அதில் பெரிய ஏமாற்றம்.

முதல் உலக யுத்தம் முடியும் தறுவாயில் அந்த விஷ ஜுரம் வந்தது. மில்லில் அப்போது பட்டாளத்துக்குக் காக்கித் துணி ஓடிக்கொண்டிருந்தது. முதலில் நூற்புப் பகுதியில் சிலர் படுத்தார்கள். பிறகு என் வீட்டுக்காரரும் படுத்தார். அவருக்குக் குரல் போய்விட்டது. உதடு மட்டும் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தது: தறி.

"உசுரு இருந்தா தறி தானா வரும். கம்முனு படுங்க" என்று எரிந்து விழுந்தேன்.

ஆனால் அவருடைய பயம் எனக்கும் இருந்தது. ஆளில்லாத தறியை, வாசலில் வேலைக்குக் காத்திருப்பவனிடம் மேஸ்திரி கொடுத்துவிடுவார். அதற்கு நெசவாளிகள் ஒரு வழி வைத்திருந்தார்கள். படுத்தவனுடைய துண்டை அவன் தறியில் கட்டிவிட்டு, அடுத்த தறிக்காரர் தன்னுடையதோடு அதையும் ஓட்டுவார். துண்டு இருக்கும்வரை அந்தத் தறிக்கு ஆள் உண்டு என்று அர்த்தம். மேஸ்திரியும் ஒரு காலத்தில் நெய்தவர்தான், துண்டைத் தொடமாட்டார்.

மறுநாள் காலை அவருடைய துண்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். தரையே அதிரும் அந்த இடத்தில் என் வளையல் சத்தம் எனக்குக் கேட்டது! வரிசை வரிசையாகத் தறிகளில் துண்டுகள்: வெள்ளை, சிவப்பு, காக்கி, யாரோ திருவிழாவில் வாங்கிய மஞ்சள். எழுந்து வந்திருந்தவர்களுக்கும் நெய்ய நூல் போதவில்லை, நூற்பவர்கள் படுத்திருந்தார்கள். பாய்லருக்கு விறகு வரவில்லை, வண்டிக்காரர்கள் படுத்திருந்தார்கள். மார்க்கெட்டுக்கு ராகி வரவில்லை, அறுப்பவர்கள் படுத்திருந்தார்கள். எங்கள் மகாராஜாவின் ராஜாங்கச் செல்வமெல்லாம் அரண்மனைக் கஜானாவில் பூட்டிக் கிடக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். எங்களைப் போன்றவர்கள் காலையில் எழுந்து நின்றால்தான் அது உண்டு என்பது அந்தக் கொட்டகையில் புரிந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயமா பக்தியா, இன்றும் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த தறிக்காரர் என்னைப் பார்த்ததும் ஓடி வந்து, வழக்கம்போல் காதருகே குனிந்து கத்தினார்.

"தங்கச்சி! அவன் தறி எங்கயும் போவாது! நான் கீறேன்!"

"காது நல்லாத்தான் கேக்குதுண்ணா" என்றேன்.

அப்போதுதான் அவருக்கும் அமைதி உறைத்தது. வெட்கத்தோடு சிரித்தார், இருமினார். துண்டை வாங்கித் தறியில் அவரே இறுக்கமாக முடிச்சுப் போட்டார்.

என் வீட்டுக்காரர் பிழைத்தார். எலும்பும் தோலுமாக என் தோளைப் பிடித்துக்கொண்டு மில்லுக்கு வந்தார். பலர் திரும்பியிருந்தார்கள், கொட்டகை பாதி இரைந்தது. அவருடைய துண்டு முடிச்சு அவிழாமல் இருந்தது. அடுத்த தறியிலும் ஒரு துண்டு தொங்கியது.

என் வீட்டுக்காரர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரியின் உதடு அசைந்தது: "போய்ட்டாரு. முந்தாநாள்."

சொல்லிவிட்டு அந்தத் துண்டை அவிழ்க்கக் கைநீட்டினார். என் வீட்டுக்காரர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். தன் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். தன் தறியை ஓட்டினார். பிறகு, நிற்கவே தெம்பில்லாத அந்த மனிதர், துண்டு கட்டியிருந்த தறியையும் ஓட்டினார்.

தரை அதிர்ந்தது. நான் வாய்விட்டுக் கதறி அழுதேன். பக்கத்தில் நின்ற மேஸ்திரிக்குக்கூட அது கேட்கவில்லை.