வலது மூலையில் என் கூடை

எழுபதுகளில் என் அண்ணன் ஒரு பழைய பிக்கப் வண்டி வைத்திருந்தார். பழவேற்காட்டு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்துப் பெண்கள் ஆறேழு பேர் விடிந்ததும் மீன்கூடைகளோடு அதில் ஏறுவோம். முதலில் கவரைப்பேட்டை, பிறகு கும்மிடிப்பூண்டி. கவரைப்பேட்டையில் யார் முதலில் இறங்குகிறாளோ அவளுக்குத்தான் ஸ்டேஷன் வாசலில் விற்க இடம். அதனால் வண்டியின் பின்பக்க வலது மூலையை என் கூடைக்கென்று சண்டை போட்டே பிடித்து வைத்திருந்தேன். வேறு எவளாவது அங்கே கூடையை வைத்தால் அன்றைக்கு அவள் பாடு திண்டாட்டம்.

என் கூடைக்குப் பக்கத்தில் அண்ணி உட்காருவாள். அவளுக்கு அப்போது ஏழு மாதம். அந்த வயிற்றோடு காலை மடக்கி உட்கார முடியாது. வண்டியின் பின்பலகை எப்போதோ போய்விட்டது, குறுக்கே ஒரு சங்கிலிதான். அதைப் பிடித்துக்கொண்டு காலை வெளியே தொங்கப் போட்டு வருவாள்.

ஒரு நாள் காலை கவரைப்பேட்டை ரயில்வே கேட் சாத்தியிருந்தது. அண்ணன் பிரேக் போட்டார். பின்னால் வந்த லாரி நிற்கிற மாதிரி தெரியவில்லை. நாங்கள் எல்லோரும் கத்தினோம். அண்ணி இரண்டு காலையும் மேலே இழுத்துக்கொண்டாள். லாரி கிறீச்சிட்டு நின்றபோது இடைவெளி ஒரு முழம் கூட இல்லை. அண்ணியின் ரப்பர் செருப்பு ஒன்று லாரியின் முன்சக்கரத்துக்கு அடியில் கிடந்தது.

லாரிக்காரர் இறங்கி வந்து அண்ணனைப் பிடித்துக்கொண்டார். “யோவ், பிரேக் போட்டா லைட் எரிய வாணாமா? புள்ளத்தாச்சிய பின்னால குந்த வெச்சிக்கினு போறியே, அறிவு இருக்குதா உனக்கு?”

அந்த வண்டிக்குப் பிரேக் விளக்கு வலது பக்கம் ஒன்றே ஒன்றுதான். அதில் அண்ணன் புது பல்பு போட்டு நாலு நாள் ஆகவில்லை. அந்த மழைக்காலத்தில் மட்டும் அது மூன்றாவது பல்பு. நான் விடுவேனா? வீடு திரும்பும்வரை அவரைக் காய்ச்சி எடுத்தேன்.

“எவனோ மட்டமான பல்ப உன் தலையில கட்டிட்டான். நீயும் பாக்காம வாங்கிக்கினு வந்துட்ட. அண்ணி காலு போயிருந்தா இன்னா பண்ணியிருப்ப?”

அண்ணன் வழியில் வாங்கின இன்னொரு பல்பை என் கையில் வைத்துவிட்டு, “நீயே போடும்மே” என்றார். கோபத்தில் சொன்னாரா, சலித்துப்போய்ச் சொன்னாரா தெரியாது. சரி, நானே போடுகிறேன் என்று புடவையை இழுத்துச் செருகினேன். அது எரியாமல் மறுநாள் அண்ணியை வண்டியில் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

அண்ணியை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, சொல்லும்போது பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். சிவப்புக் கண்ணாடியின் இரண்டு திருகாணிகளும் அந்த நாலு நாளிலேயே மறுபடி துருவேறி அசையவில்லை. கிருஷ்ணாயில் விட்டுக் காத்திருந்து, மறுபடி திருகி, ஒருவழியாகக் கழற்றினேன். கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு மடக்குத் தண்ணீர் என் கையில் கொட்டியது. மழைத் தண்ணீர் என்று நினைத்தேன். முகர்ந்தால் மீன் நாற்றம். பல்பின்மேல் ஒரு செதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மடவைச் செதில். அந்த வாரம் மற்ற பெண்களுக்கெல்லாம் இறாலும் நண்டும்தான். மடவை என் கூடையில் மட்டும். நிமிர்ந்து பார்த்தேன். விளக்குக்கு நேர் மேலே என் வலது மூலை. கூடையிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீர் தரைப்பலகையின் விளிம்பில் கோடு போட்டு இறங்கியிருந்தது.

செதிலைச் சுண்டி எறிந்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. எறியத்தான் நினைத்தேன். அந்த ஒரு செருப்பு ஞாபகம் வந்தது. செதிலை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

“இன்னாமே, மிதிக்கட்டா?” என்று அண்ணி முன்னாலிருந்து கேட்டாள்.

“இரு அண்ணி” என்றேன். பல்பு உட்காரும் குழியில் பச்சையாக உப்புப் பூத்திருந்தது. விரலில் உப்புத்தாளைச் சுற்றிப் பித்தளை தெரியும்வரை தேய்த்தேன். கம்பியின் நுனியையும் சுரண்டினேன். புது பல்பை அழுத்தித் திருகினால் உட்காரவில்லை. அரைச்சுற்றுத் திருப்பிப் பார்த்தேன், அப்போதும் இல்லை. கெட்ட வார்த்தை ஒன்று சொல்லி, இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். உட்கார்ந்தது. மிதிக்கச் சொன்னேன், எரியவில்லை. மறுபடி கழற்றி மறுபடி தேய்த்தேன். மூன்றாம் முறை அண்ணி மிதித்ததும் என் முகத்துக்கு நேராகச் சிவப்பாக எரிந்தது.

செதிலைக் கொண்டுபோய் அண்ணன் உள்ளங்கையில் வைத்தேன். “உன் பல்பு நல்ல பல்புதான். என் கூடைதான் மூணு பல்பையும் தின்னுச்சு.”

அவர் செதிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “கோணிய மடிச்சி கூடைக்கு அடியில போட்டுக்கோ” என்றார். அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கோணி நனைந்தால் அதுவும்தான் வடியும். மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் வந்து, என் கூடையை டிரைவர் சீட்டின் முதுகுப் பலகையை ஒட்டி வைத்தேன். கவரைப்பேட்டையில் கடைசியாகத்தான் இறங்க முடியும், ஸ்டேஷன் வாசலும் போனதுதான். வலது மூலையில் ஈரக்கூடை எதுவும் வைக்கக்கூடாது என்று மற்றவர்களிடமும் சொன்னேன். முணுமுணுத்தார்கள். காரணத்தையும் சொன்னேன். அவரவர் கூடையை உள்ளே தள்ளி வைத்தார்கள்.

அன்றும் கேட் சாத்தியிருந்தது. அன்றும் பின்னால் ஒரு லாரி. நான் இருந்த இடத்திலிருந்து விளக்கு தெரியாது. அண்ணியின் முதுகுதான் தெரிந்தது. அண்ணன் பிரேக் போட்டார். லாரி தூரத்திலேயே வேகம் குறைந்து நின்றது. அண்ணி காலை மேலே இழுக்கவில்லை.