பெட்டிக்குள் ஒரு போன்

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் காவலாளி. வேலைக்கு வருபவர்களின் செல்போன்களை வாசலில் வாங்கிப் பெட்டியில் பூட்டிவைப்பார். என் செல்போன் ரிப்பேர் கடைக்கு இயர்பட்ஸோடு வந்தபோதும் அவர் கை இடுப்புச் சாவியைப் பிடித்தபடியே இருந்தது.

“என் போனோட சேர மாட்டேங்குது. பெட்டியில கெடக்குற போனோட போய் ஒட்டிக்கிடுது. எனக்கு இதக் குடுத்தவரோட போன். எங்க கம்பெனியில வேல பாத்தவரு. வெடி விபத்துல போயிட்டாரு.”

“அந்தப் போனை அணைச்சிருங்க அண்ணாச்சி, சரியாயிரும்.”

“அணைக்கக்கூடாது. அவரு அம்மா அத வாங்கிக்கிட மாட்டேன்னுட்டாக. தெனமும் மதியம் கூப்பிடுவாக. மணி அடிக்கணும்ல. நாந்தான் சார்ஜ் போடுறேன்.”

இயர்பட்ஸை ரீசெட் செய்து அவர் போனோடு இணைத்துக் கொடுத்தேன். காதில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை.

“அந்தப் போன் எப்பவும் போல அடிக்கும்ல?”

“அடிக்கும்.”

மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் சாவியை விட்டார்.